நாலு வீதி, ஒரு விதி

மதுரையில் காரணமில்லாமல் நடக்கிற ஆளைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, "சுகரா தம்பி?" ரேஸ்கோர்ஸில் காலையில் சுற்றுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் பகல் பதினோரு மணிக்குக் கீழமாசி வீதியில் ஒருத்தன் எதையும் வாங்காமல், கடைக்குக் கடை நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் யாரும் சுகர் என்று நினைப்பதில்லை. "ஜிஎஸ்டி ஆபீஸா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த ஒருத்தன் நான்தான். கூட இன்னும் சிலர் உண்டு. நடையையே ஒரு கலையாகச் செய்து பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. இப்போது பொழுதுபோக்கு என்ற அளவைத் தாண்டிவிட்டது. நான் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவன். அதற்கு முன்னால் மாமாவிடம் கடை போர்டு எழுதப் பழகினேன். குழுவில் ஒரு டிராயிங் டீச்சர், ரிட்டயரான தபால்காரர் ஒருவர், தவில் வாசிக்கிற தம்பி, கல்லூரிப் பிள்ளைகள் சிலர். குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பேனர் அடிக்கச் சொல்வார்கள். பேனர் அடிப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அது வேண்டாம்.

"நடக்கிறதுல என்னப்பா கலை?" என்று கேட்பவர்களுக்கு டீச்சர் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1967-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் லாங் என்ற கலைக் கல்லூரி மாணவர் ஒரு புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்துகொண்டே இருந்தார். புல் மிதிபட்டுச் சாய்ந்து கோடு தெரிந்தது. அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். படைப்பு அவ்வளவுதான். முதல் தடவை இதைக் கேட்டபோது தபால் ஐயா, "இது நம்ம ஊரு ஒத்தையடிப் பாதைதானே டீச்சர்?" என்றார். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒற்றையடிப் பாதை கண்மாய்க்கோ கோயிலுக்கோ போய்ச் சேரும். லாங் போட்ட கோடு எங்கேயும் போகாது. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அவருடைய நண்பர் ஹமிஷ் ஃபுல்டன் இன்னும் கறார். நடக்காவிட்டால் படைப்பே இல்லை என்பது அவர் கொள்கை. அமெரிக்காவில் ப்ரூஸ் நௌமன் தன் அறைத் தரையில் டேப் ஒட்டி ஒரு சதுரம் போட்டு, அதன் ஓரமாகவே இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்ததைப் படம் பிடித்தார்.

இவர்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தபோது எங்களுக்குப் பிடிபட்டது ஒன்றுதான். கிளம்புவதற்கு முன்பே ஒரு விதி போட்டுக்கொள்கிறார்கள். 'இந்தக் கோட்டில் மட்டும்', 'இந்தச் சதுரத்தில் மட்டும்' என்று. விதி இருந்தால் நடை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. விதி இல்லாவிட்டால் அது ஊர் சுற்றல். ஊர் சுற்றலும் நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து அடுத்தவருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

நௌமன் டேப் ஒட்டிப் போட்ட சதுரத்தை நம் ஊரில் ஏற்கெனவே போட்டு வைத்துவிட்டார்கள். கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள், எல்லாம் சாமி வலம் வருவதற்கென்று உள்ளவை. வெளி வீதி மட்டும் வேறு கதை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடம் அது. அந்த வேலையில் இருந்த மாரட் பெயரிலும் பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. மதுரையைச் சுற்றிய கழுதை ஊரை விட்டுப் போகாது என்று சொல்வார்களே, அந்தக் கழுதைக்கும் இந்தச் சதுரங்கள்தான் பாதையாக இருந்திருக்கும்.

எங்கள் முதல் விதி மிகச் சாதாரணமானது. மாசி வீதி நாலையும் ஒரு சுற்று, வாயைத் திறக்கக் கூடாது, காதில் விழுவதை மட்டும் எழுத வேண்டும். கனடாவின் வான்கூவரில் 1970-களில் மர்ரே ஷேஃபர், ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் போன்றவர்கள் ஊர்ச் சத்தங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கேட்பதற்காகவே நடப்பது என்ற பழக்கம் அந்தக் கூட்டத்திலிருந்து பரவியது. நாங்களும் போனில் பதிவு செய்யலாமா என்று யோசித்தோம். செய்யவில்லை. போன் கையில் இருந்தால் காது சோம்பேறி ஆகிவிடுகிறது, அப்புறம் வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று. பென்சிலும் நோட்டும் இருந்தால் இப்போதே கேட்டாக வேண்டும். தவில் தம்பி எழுதியதில் பாதி சொற்கட்டாக இருந்தது. ஷட்டர் ஏறும் சத்தத்தைக்கூட அவன் தகிட தகிட என்றுதான் எழுதுவான்.

மூக்கு நடை அதற்கு அப்புறம் வந்தது. கேட் மெக்லீன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் பல ஊர்களில் ஆட்களை நடக்கவிட்டு, மூக்கில் பட்டதை எழுத வைத்து, அந்த ஊருக்கு வாசனை வரைபடம் போட்டிருக்கிறார். இதைக் கேள்விப்பட்டதும் நம் ஊருக்கென்றே யோசித்த வேலையாகத் தெரிந்தது. கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள். புளி, மிளகாய் வத்தல், பெருங்காயம், மிளகு எல்லாம் சாக்கில் வாசலுக்கே வந்துவிடும். பக்கத்தில் கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி. மேற்கே அம்மன் சன்னதிப் பக்கம் போனால் குங்குமமும் பூவும். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரைக் கடைவீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான் அல்லவா, அதில் கூலவீதியில் மிளகு மூட்டை வருகிறது. மறுநாள் அவன் கதை என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு பகல், வேலை ஏதும் இல்லாமல் ஊரைப் பார்த்துக்கொண்டு நடந்தவன் அவன்.

மூக்கு நடையில் நான் கற்றது: வாசனைக்குப் பெயர் தேடாதீர்கள். 'புளி' என்று எழுதினால் அதோடு முடிந்துவிடும். எங்கே தொடங்கியது, எந்தக் கடை தாண்டியதும் மறைந்தது, எது அதை அமுக்கியது என்று எழுத வேண்டும். பெருங்காயம் இரண்டு கடை முன்னாலேயே வந்துவிடும், பத்துக் கடை தாண்டியும் போகாது. மல்லி விதை அப்படி இல்லை. சாக்கில் கை விட்டுக் கிளறினால்தான் வரும். ஒரு கடைக்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு தானே எழுந்து வந்து, வத்தல் சாக்கு ஒன்றிலிருந்து ஒரு பிடி அள்ளி டீச்சர் கையில் வைத்தார். "இதை மோந்து பாருங்க. இது போன வருசத்துச் சரக்கு. இப்ப இதைப் பாருங்க." இரண்டாவது பிடியில் ஒரு இனிப்பு இருந்தது, வெயிலில் காய்ந்த பழத்தில் இருக்குமே அந்த மாதிரி. முதல் பிடியில் வெறும் காரம். "வாங்குறவன்ல பாதிப் பேரு நிறத்தப் பாக்குறான். மூக்க வச்சுப் பாக்குறவனுக்கு நான் பழசத் தர முடியாது" என்றார். அன்றைக்கு நாங்கள் போட்ட வரைபடத்தில் அவர் கடை ஒரு பெரிய வட்டமாக இருக்கிறது.

ஆடி வீதிக்குப் போன் கொண்டு போக முடியாது. கோயில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. உள்ளே ஒரு சுற்று வந்து, வெளியே வந்து சித்திரை வீதியில் உட்கார்ந்து, நினைவிலிருந்து வரைவது என்று விதி. பிள்ளைகள் வரைந்ததில் கோபுரத்தைவிடத் தரை அதிகம் இருந்தது. செருப்பில்லாமல் மதியத்தில் நடந்தால் அப்படித்தான். எங்கே நிழல், எங்கே கல் சுடுகிறது என்பது காலுக்கு மறக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வழி கேட்கும் நடை. 1960-களில் ஆம்ஸ்டர்டாமில் ஸ்டான்லி பிரவுன் என்பவர் தெருவில் போகிறவர்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஓரிடத்துக்கு வழியை வரைந்து காட்டச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அந்தக் காகிதங்கள்தான் அவருடைய படைப்பு. நாங்கள் அதில் ஒரு விதி சேர்த்தோம். வரைந்து கொடுத்தபடியே நடக்க வேண்டும். படம் எங்கே குழப்புகிறதோ அங்கே நின்று அடுத்த ஆளிடம் புதுக் காகிதம் நீட்ட வேண்டும். நமக்கு வழி தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளவே கூடாது.

ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் பேனாவை வாங்கவே மாட்டேன் என்றார். "இதுக்கு எதுக்குண்ணே பேப்பரு? இங்கிட்டுப் போயி அங்கிட்டுத் திரும்பு, முடிஞ்சுச்சு" என்று காற்றிலேயே போட்டுக் காட்டினார். கெஞ்சிக் கேட்டதும் வரைந்தார். தெருவே இல்லை, திருப்பங்கள் மட்டும், கொக்கி கொக்கியாக. பூக்கார அக்கா வரைந்ததில் கோடே இல்லை. வட்டங்கள். இது டீக்கடை, இது பிள்ளையார், இது கடன் தராத கடை. "ஒண்ணுலருந்து ஒண்ணு தெரியும்ல, அப்புறம் என்னத்துக்குக் கோடு?" பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நாய்களை வரைந்தான். எந்தச் சந்தில் எத்தனை, எது கடிக்கும், எது குரைக்க மட்டும் செய்யும். நாங்கள் வாங்கியதிலேயே உபயோகமான வரைபடம் அதுதான்.

இந்தக் காகிதங்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது டீச்சர் ஒன்றைக் கவனித்தார். பெரியவர்கள் யார் வரைந்தாலும், எந்தத் தெருவில் நின்று வரைந்தாலும், நடுவில் கோயில். வழி அதைச் சுற்றித்தான் போகும். கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று வீதிகளுக்கே பெயர் இருப்பதால் அவர்களுக்குத் திசை தப்பாது. கல்லூரிப் பிள்ளைகள் வரைந்ததில் நடுவில் ஒரு புள்ளி: 'நான்'. கூகுள் மேப்பில் வருகிற நீலப் புள்ளி. அதிலிருந்து இடது, வலது. இரண்டில் எது மேல் என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. தபால் ஐயா மட்டும் இரண்டும் இல்லாமல் கதவு எண்ணை வைத்து வரைந்தார். புது எண், பழைய எண் இரண்டும் போட்டு.

வழி சொல்வதையே கவிதையாக்கியவர்கள் நம் ஆட்கள். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். ஆற்றுப்படை என்பது அதுதான். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. மலைபடுகடாத்தில் வழியில் உள்ள ஆபத்தெல்லாம் வரிசையாக வரும்: பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்புப் புற்று இருக்கும், தினைப்புனம் காக்கிறவன் கவண் கல் எறிவான், பாறை வழுக்கும். டீச்சர் அதை வாசித்துக் காட்டியதிலிருந்து எங்கள் ஒவ்வொரு நடையும் ஒரு ஆற்றுப்படையோடுதான் முடியும். அரைப் பக்கம் போதும். அடுத்து நடக்கப் போகிற முன்பின் தெரியாத ஒருவருக்கு: எங்கே தொடங்குவது, யார் எதிர்ப்படுவார், எதில் கவனம் வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும். அதை எழுதுவதற்காகவே பார்வை கூர்மையாகிவிடுகிறது. 'மனம் லேசானது', 'காலம் நின்றது' என்றெல்லாம் எழுதினால் தபால் ஐயா அந்த வரியை அடித்துவிடுவார். அதை வைத்து எவன் வழி கண்டுபிடிப்பான் என்பார்.

எல்லா விதியும் எல்லா ஊருக்கும் ஆகாது. 1969-ல் நியூயார்க்கில் வீட்டோ அக்கான்சி முன்பின் தெரியாதவர்களைத் தெருவில் பின்தொடர்ந்தார். அவர்கள் ஏதாவது வீட்டுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போகிற வரை. கலை வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகிற வேலை. இதைத் தெற்குமாசி வீதியில் செய்தால் தர்ம அடிதான் கிடைக்கும். அடி ஒருபுறம் இருக்கட்டும், பின்தொடரப்படுகிற பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் அதில் எனக்குக் கலை எதுவும் தெரியவில்லை.

பிரான்சிஸ் ஆலிஸ் 1997-ல் மெக்சிகோ சிட்டியில் பெரிய ஐஸ் கட்டி ஒன்றை, அது கரைந்து தீரும் வரை, ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போனார். நம் ஊர் வெயிலில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத் தவில் தம்பிக்கு ஆசை. ஐஸ் பார் ஒன்று வாங்கி, மேல் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டு, வடக்கு வெளி வீதிப் பக்கம் தள்ளத் தொடங்கினோம். சிறிது தூரத்திலேயே விரல் விறைத்துவிட்டது. சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன் அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கியை எடுத்து ஐஸின் நெற்றியில் ஒரு கொத்து, ஒரு இழுப்பு. அதுபாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. "குனிஞ்சு தள்ளுனா முதுகு போயிரும் தம்பி. இழுக்கணும்." ரோஸ்மில்க் கடைக்காரர் அங்கேயே விலை பேசினார். எங்களுக்குப் பின்னால் தார் ரோட்டில் ஈரக் கோடு; திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குள் அதன் வால் காய்ந்துபோய்க்கொண்டே வந்தது. மெக்சிகோவில் ஓடிய நேரத்தில் கால்வாசிகூட இங்கே ஓடவில்லை.

இதில் தெரிந்துகொண்டது ஒன்று: கையில் ஒரு பொருள் இருந்தால் ஊர் பேசும். வெறுங்கையோடு நின்று பார்த்தால் சந்தேகப்படுவார்கள், கேமரா இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் அல்லது போஸ் கொடுப்பார்கள். ஐஸ் கட்டியோ, வரையச் சொல்லி நீட்டுகிற காகிதமோ இருந்தால் தாங்களாகவே வந்து யோசனை சொல்வார்கள். போட்டோ நாங்கள் எடுப்பதே குறைவு. மூட்டை தூக்குகிறவர் முதுகைப் படம் எடுத்துக் கண்காட்சியில் வைப்பது எனக்கு ஒத்துவராது. அவர் வேலை பார்க்கிறார், நாம்தான் விளையாடுகிறோம்.

டீச்சருக்கு முட்டி வலி வந்து, இனி வர முடியாது என்றபோது குழுவே கலைந்துவிடும் போலிருந்தது. வழி காட்டியவர் அழகர்தான். அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அவர் நேராகவா வருகிறார்? மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, எதிர்சேவை வாங்கி, தல்லாகுளத்தில் தங்கி, அப்புறம்தான் சித்ரா பௌர்ணமிக்கு ஆற்றில் இறங்குகிறார். நிற்பதும் அந்த நடையில் சேர்த்திதான். சரி, டீச்சர் நம் மண்டகப்படியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பாதையில் ஓரிடத்தில், பெரும்பாலும் டீக்கடை பெஞ்சு, டீச்சர் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவார். தூக்குச் சட்டியில் மோர் இருக்கும். ஒவ்வொருவராக அங்கே வந்து, அதுவரை பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எல்லோருடைய நடையும் அவர் நோட்டில் சேர்கிறது. நடக்காதவர் கையில்தான் இப்போது முழு வரைபடம் இருக்கிறது. நடக்க முடியாத ஆள் உங்கள் குழுவில் இருந்தால் கழித்துவிடாதீர்கள், நிற்குமிடம் ஒன்றைக் கொடுங்கள்.

அழகர் என்றதும் இன்னொன்று. 1988-ல் மரினா அப்ரமோவிச், உலாய் என்ற கலைஞர் ஜோடி சீனப் பெருஞ்சுவரின் இரண்டு முனைகளிலிருந்து கிளம்பி, 90 நாள் நடந்து நடுவில் சந்தித்தார்கள். முதலில் போட்ட திட்டம் சந்திக்கிற இடத்தில் கல்யாணம். அனுமதி கிடைக்க வருஷக்கணக்கில் ஆனதில் உறவே முறிந்துபோய், கடைசியில் பிரிவு சொல்லிக்கொள்வதற்காக நடந்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பி, வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட, கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குப் போகிறவரின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் இதைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. என் அம்மாவே ஒரே தடவையில் புரிந்துகொண்டார். "பாவம், லேட்டாயிருச்சு."

இரவு நடை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வந்ததில்லை, டீயும் இட்லியும் எந்நேரமும் கிடைக்கும். ஆனால் குழுவில் உள்ள கல்லூரிப் பெண் ஒருத்தி சொன்னதை இங்கே எழுத வேண்டும். "உங்களுக்கெல்லாம் விதி தேவைப்படுதுண்ணே. நான் ராத்திரி ஒரு மணிக்கு டவுன்ஹால் ரோட்டுல கைவீசி நடந்தாலே அது படைப்புதான்." அதிலிருந்து இரவு நடைகளில் வேகத்தையும் பாதையையும் எப்போது நிறுத்துவது என்பதையும் பெண்கள்தான் முடிவு செய்கிறார்கள். இரண்டிரண்டு பேராகப் போவோம், முன்னால் போகிற ஜோடி பின்னால் வருகிறவர்களின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். கழிப்பறை எங்கே என்று முன்பே பார்த்து வைக்க வேண்டும்; நடுராத்திரியில் பஸ் ஸ்டாண்டையும் ரயில்வே ஜங்ஷனையும் விட்டால் நம்பிப் போக இடம் இல்லை, அதனால் பாதை அவற்றில் ஒன்றைத் தொட்டுப் போவது நல்லது.

போலீஸ் நிறுத்துவார்கள். கட்டாயம் நிறுத்துவார்கள். அதனால் விதி போடும்போதே ஒரு சோதனை வைத்திருக்கிறோம்: கான்ஸ்டபிளிடம் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? 'நகர வெளியின் புலனனுபவத்தை மறுபரிசீலனை செய்கிறோம் சார்' என்றால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். 'சத்தம் கேட்டு எழுதுறோம் சார்' என்றால் நோட்டை வாங்கிப் பார்ப்பார்கள். விளக்குத்தூண் பக்கம் ஒருவர் பார்த்துவிட்டு, "இப்ப என்ன சத்தம் இருக்கு? ரெண்டு மணிக்கு மேல வெங்காய லாரி வரும், அப்ப வந்து எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். இருந்து எழுதினோம். அவர் சொன்னது சரிதான்.

ஊருக்கு வெளியே மலைகளில் நடப்பதற்கு நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கும் பேச்சு 2010-ல் எழுந்து மக்கள் எதிர்ப்பால் நின்றதையொட்டி, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கெல்லாம் ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறது. கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே நின்று தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் விளக்குவதைக் கேட்டால், அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்தது எழுத்தாகிவிடும். அவர்களுடையது வரலாற்றுக்கான நடை, எங்களுடையது வேறு. ஆனால் பெரிய கூட்டத்தைச் சத்தமில்லாமல் மலையேற்றி இறக்குவது எப்படி என்பதை அங்கே பார்த்துத்தான் கற்றோம்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு எங்கள் விதி: ஏறும்போது பேச்சு கிடையாது, இறங்கும்போது பேசலாம். கீழே ஆலமரமும் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக, அடியில் வட்டெழுத்து. மழைக்காலம் முழுவதும் ஒரே இடத்தில் தங்கிவிட்டு மற்ற மாதங்களில் நடந்துகொண்டே இருப்பது சமணத் துறவிகளின் நெறி. மாங்குளத்திலும் கொங்கர்புளியங்குளத்திலும் உள்ள கற்படுக்கைகளில் உட்கார்ந்து பார்க்கும்போது, ஓயாமல் நடந்தவர்கள் ஓய்ந்த இடம் இது என்ற எண்ணம் வரும். காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். அப்புறம் பாறை அடுப்பு. எழுத்து தெளிவாகத் தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், காகிதம் வைத்துப் படி எடுக்காதீர்கள். சாய்வெயிலில் தானாகவே தெரியும்.

அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலூர்ப் பக்கம் நடையைப் பேச முடியாது. 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் வரை நடந்தே வந்தார்கள். அதே மாதம் ஏலம் ரத்தானது. நடைக் கலை பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இதையும் ஒரு 'நிகழ்த்து கலை' என்று சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. நிலம் போய்விடும் என்று நடந்தவர்களின் நடையைக் கலை என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

காட்சிக்கு வைப்பது பற்றிக் கொஞ்சம். எங்களுக்கு கேலரி எதுவும் இல்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறோம். எல்லோரும் ஒரே அளவு டிரேசிங் பேப்பரில், ஒரே அளவுச் சதுரத்தில் தங்கள் நடையை வரைந்தால், ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். யார் யார் எங்கே தேங்கினார்கள் என்பது கறுப்பாகத் தெரியும். எந்த விதியில் நடந்தாலும் கீழமாசி வீதி தேரடிப் பக்கம் கறுத்துவிடுகிறது. அழைப்பிதழ் கிடையாது. வந்தவர்கள் போகும்போது ஆளுக்கொரு ஆற்றுப்படையை உருவிக்கொண்டு போகலாம். நடந்துவிட்டு, தங்களுடையதை எழுதிக் கொண்டுவந்து அதே கிளிப்பில் மாட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. குழுவில் இப்போது உள்ளவர்களில் பலர் அப்படி மாட்ட வந்தவர்கள்தான்.

மூக்கு நடையின் ஆற்றுப்படை இது. தேரடியில் தொடங்கி, கோயில் வலப்பக்கம் இருக்கும்படி கீழமாசி வீதியில் தெற்கே நடங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதிக் கடை அடைத்திருக்கும். சரக்கு இறங்குகிற நேரமாகப் பார்த்துக் காலையிலேயே வெள்ளனப் போங்கள். செண்டு, தலைக்குப் பூ இரண்டும் அன்றைக்கு வேண்டாம். பேனா வியர்வையில் வழுக்கும், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். லோடு வண்டி வரும்போது "ஓரம், ஓரம்" என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஒதுங்குங்கள். கடைக்காரர் கையில் எதையாவது வைத்தால் வாங்கி முகருங்கள், மறுக்காதீர்கள். விளக்குத்தூண் வருவதற்கு முன்பே கிழக்கே ஏதாவது ஒரு சந்தில் திரும்பினால் கீழமாரட் வீதி. அங்கே கண் எரிய ஆரம்பிக்கும், அது வெங்காயம். கையால் துடைத்துவிடாதீர்கள், கையில் வத்தல் இருக்கும்.